காட்பாடியிலிருந்து பாலாறு தாண்டி கன்டோன்மென்ட் வரை: லேஅவுட்டை நீட்டப் போகிறேன், யோசனை சொல்லுங்கள்

கன்டோன்மென்ட்_லைன் (வேலூர்)

எல்லோருக்கும் வணக்கம். எட்டுக்கு நாலு அடிப் பலகையில் காட்பாடியை மனதில் வைத்து ஒரு எச்.ஓ. (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, அதாவது 1:87) மாதிரி ரயில் லேஅவுட் ஓட்டிக்கொண்டிருப்பது இங்கே பலருக்குத் தெரியும். இரட்டைப் பாதை வளையம், வண்டி ஒதுங்கி நிற்க இரண்டு லூப், ஒரு சின்ன யார்டு, டி.சி.சி. என்கிற டிஜிட்டல் கட்டுப்பாடு. இப்போது மாடி அறையை முழுசாக எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். 16-க்கு 10 அடி. மேலே கான்கிரீட் தளம், வெயில் நேராக இறங்கும். மேற்குச் சுவரில் வாசல், தெற்கில் இரண்டு ஜன்னல், வடக்குச் சுவரில் ஒன்றுமே இல்லை.

திட்டம் இதுதான். காலம் 1990-களின் தொடக்கம், காட்பாடியில் அகலப்பாதையும் மீட்டர்கேஜும் இருந்த நாட்கள். பலகையிலிருந்து மீட்டர்கேஜ் ஒற்றைப் பாதை கிளம்பி, வடக்குச் சுவரோரமாக ஓடி, வாசலைத் தூக்கி வைக்கும் பாலத்தில் தாண்டி, தெற்குச் சுவரில் வேலூர் கன்டோன்மென்ட் நிலையத்துக்கு வரும். வடக்குச் சுவரில் பெரிய யார்டும் டீசல் ஷெட்டும் வைக்கலாம் என்று இருக்கிறேன். வாசலுக்குக் குறுக்கே எப்படியும் ஒரு பாலம் தேவை என்பதால், பாலாற்றுப் பாலத்தை அங்கேயே வைத்துவிட்டால் இடம் மிச்சம்.

மூன்று கேள்விகள். மீட்டர்கேஜுக்கு எந்த அளவுத் தண்டவாளம் சரி? அகலப்பாதைக்கு மேலே மீட்டர்கேஜ் ஏறிக் கடப்பது போல வைத்தால் எப்படி இருக்கும்? வேலூர் வெயிலுக்கு மாடியில் பலகையும் தண்டவாளமும் தாங்குமா?

---

தூரத்து_ஹாரன் (அரக்கோணம்)

வாழ்த்துகள் நண்பரே, தனி அறை கிடைப்பது பெரிய விஷயம்.

கேஜ் கணக்கை முதலில் பார்ப்போம். நம் அகலப்பாதை 1676 மி.மீ. 1:87-ல் அது 19.3 மி.மீ. ஆக வேண்டும். நாம் எல்லோரும் ஓட்டுவது 16.5. ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதைக்குப் பொருந்தும் அளவு அது. சக்கரம், பாயிண்ட் (பாதை பிரியும் இடம்), எஞ்சின் எல்லாம் அந்த அளவில்தான் கிடைக்கின்றன, அதனால் அதையே ஏற்றுக்கொள்கிறோம். மீட்டர்கேஜ் 1:87-ல் 11.5 மி.மீ. வரும். எச்.ஓ.எம். என்று விற்கும் 12 மி.மீ. பாதை அதற்குக் கிட்டத்தட்ட சரி. பெக்கோ, டில்லிக் இரண்டு நிறுவனங்களும் செய்கின்றன. 1:120 டி.டி. அளவு வண்டிகளும் அதே 12 மி.மீ.யில் ஓடுபவைதான். டி.டி. எஞ்சின் ஒன்றின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் ஒய்.டி.எம்.4 (மீட்டர்கேஜ் டீசல் எஞ்சின்) உடலை 3டி பிரிண்ட் எடுத்து உட்கார வைக்கலாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. நிஜத்தில் அகலப்பாதை மீட்டர்கேஜை விட 1.68 மடங்கு அகலம். உங்கள் பலகையில் 16.5-ம் 12-ம் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது 1.38 மடங்குதான் தெரியும். இதற்காகவே 9 மி.மீ. போடுபவர்களும் உண்டு, ஆனால் அது 1.83 மடங்கு ஆகிவிடும், பெட்டியின் உடல் பாதைக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும். என் ஓட்டு 12-க்கு. வித்தியாசத்தை வேறு வழியில் காட்டுங்கள். அகலப்பாதைக்கு ‘கோட் (code) 100’ தண்டவாளம் (உயரம் 2.54 மி.மீ.), மீட்டர்கேஜுக்கு ‘கோட் 75’ (1.9 மி.மீ.). ஜல்லியும் அந்தப் பக்கம் மெல்லிசாக இருக்கட்டும். கண் தானாகவே அதைச் சின்னப் பாதை என்று எடுத்துக்கொள்ளும்.

யார்டு யோசனை அருமை. வண்டி நிறுத்த இடமில்லாத லேஅவுட் சீக்கிரம் அலுத்துப்போகும். வடக்குச் சுவர் முழுக்கப் போடுங்கள்.

---

சோளிங்கர்_தச்சன்

தம்பி, நான் மர வேலைக்காரன், பலகையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். ஆனால் உங்கள் திட்டத்தில் ஒன்று மனதை உறுத்துகிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாலாற்றை வாசலில் வைக்காதீர்கள். வாசல் மூன்று அடி இருக்குமா? 1:87-ல் அது 80 மீட்டர். பாலாற்றை 80 மீட்டரில் காட்டினால் அது ஓடை. காட்பாடியில் ஏறி வேலூருக்கு வருகிறவன் முதலில் பார்ப்பதே அந்த மணல் வெளியைத்தான். ஆறு வந்துவிட்டது, ஊர் வந்துவிட்டது என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வது அங்கேதான். அதை மூன்று அடியில் முடித்துவிட்டு, வடக்குச் சுவர் முழுக்க யார்டு போட்டால், அது எந்த ஊர் லேஅவுட்டாகவும் இருக்கலாம். வேலூர் லேஅவுட்டாக இருக்காது.

வடக்குச் சுவரை ஆற்றுக்குக் கொடுங்கள். பலகைக்கும் மூலை வளைவுக்கும் போக 9 அடி நேர்கோடு கிடைக்கும். 2.74 மீட்டர், நிஜ அளவில் கிட்டத்தட்ட 240 மீட்டர். அதுவும் சுருக்கம்தான், ஆனாலும் ஆறு என்று நம்பலாம். இந்திய ரயில்வேயில் பிளேட் கர்டர்கள் 40, 60, 80, 100 அடி என்று வழக்கமான அளவுகளில் வரும். 60 அடிக் கர்டர் 1:87-ல் 21 செ.மீ. அந்த அளவில் 12 கண் வைத்தால் இரண்டரை மீட்டர் ஆயிற்று. பாலாற்றில் இருப்பது எந்த வகை, தூண் எப்படி என்பதைக் கரையிலிருந்து படம் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பாலத்தின் மேல் மட்டும் ஏறாதீர்கள்.

மேலே ஏறிக் கடக்கும் யோசனைக்கு வருகிறேன். அகலப்பாதையில் மின்கம்பி உண்டு, ஆகவே கீழ்ப் பாதைக்கும் மேல் பாதைக்கும் நடுவே பாலத்தின் கனத்தையும் சேர்த்துக் குறைந்தது 90 மி.மீ. வேண்டும். 2 சதவீதச் சரிவில் 90 மி.மீ. ஏற 4.5 மீட்டர் ஓட வேண்டும், இறங்க இன்னொரு 4.5 மீட்டர். உங்கள் அறையின் நீளமே 4.9 மீட்டர்தான். விட்டுவிடுங்கள்.

இனி பலகை. பழைய எட்டுக்கு நாலைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். 75 செ.மீ.க்கு மேல் கை எட்டாது, எட்டினாலும் முழங்கையில் நாலு சிக்னல் கம்பம் போகும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஆள் நுழைய இடம் விடுங்கள். சுவரோரப் பலகை 45 செ.மீ. அகலம் போதும். உயரம் 120 செ.மீ. இருக்கட்டும். நின்று பார்க்கும்போது ஆறு கண்ணுக்குக் கொஞ்சம் கீழே, படுக்கையாகத் தெரியும். மேலேயிருந்து பார்த்தால் எவ்வளவு பெரிய ஆறும் சின்னதாகிவிடும்.

ஒட்டுப்பலகை ஐ.எஸ். 710 தரத்தில், 12 மி.மீ. வாங்குங்கள். கரையானுக்கும் மழைக்கால ஈரத்துக்கும் அதுதான் நிற்கும். ஆற்றுப் பகுதியில் முழுப் பலகை போடாமல், சட்டத்தை 12 செ.மீ. கீழே இறக்கி அங்கே ஒரு தட்டு வையுங்கள். அதுதான் ஆற்றுப் படுகை. பாதை மட்டும் பழைய மட்டத்தில் தூண்களின் மேல் போகும்.

---

தூரத்து_ஹாரன் (அரக்கோணம்)

தச்சன் அண்ணா, ஆறு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒன்பது அடி சுவரில் ஒரே ஒரு தண்டவாளம், அதுவும் நேர்கோடு, பாயிண்ட் ஒன்றுகூட இல்லை. ஓட்டுகிறவர் என்ன செய்வார்? வண்டியை ஒரு முனையில் விட்டு மறுமுனையில் பிடிக்க வேண்டியதுதான். ஷண்டிங் எங்கே, வண்டி மாற்றுவது எங்கே? பார்க்க அழகாக இருப்பது வேறு, வருஷக்கணக்காக ஓட்டுவது வேறு.

---

பச்சைக்கொடி (குடியாத்தம்)

நான் தச்சன் அண்ணா பக்கம். கல்லூரி முடித்து இரண்டு வருஷமாக சீனரி மட்டும்தான் செய்கிறேன், அதனால் ஆசையோடு சொல்கிறேன்.

வேலூரைப் பற்றி நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான்: மரமில்லா மலை, தண்ணீரில்லா ஆறு, ராஜா இல்லாத கோட்டை. கிண்டலாகச் சொல்கிறார்கள். ஆனால் லேஅவுட் செய்கிறவருக்கு இதைவிடத் தெளிவான வரைபடம் யார் கொடுப்பார்கள்? மரமில்லா மலை என்றால் பாறை. தண்ணீரில்லா ஆறு என்றால் மணல். இரண்டும் நம்மால் அச்சு அசலாகச் செய்ய முடிந்தவை. எபாக்ஸி ஊற்றித் தண்ணீர் செய்வதைவிட வறண்ட ஆறு கஷ்டம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் கண்ணை ஏமாற்றிவிடும். மணலில் ஒளிய இடமே கிடையாது.

அந்த ஒன்பது அடியில் ஒன்றுமே இல்லை என்று நினைக்காதீர்கள், ஹாரன் அண்ணா. தூண் அடியில் வெள்ளம் அரித்த பள்ளம். நடு ஆற்றில் வேலிக்காத்தான் புதர். மாட்டு வண்டித் தடம் ஒன்று கரையிலிருந்து இறங்கி மணலில் மறையும். ஒரு ஓரத்தில் ஊற்று தோண்டி இரண்டு பேர் குடத்தில் நீர் மொள்வார்கள். அகன்ற மணல், அதன் மேல் கோடு போட்டாற்போல கர்டர், அதில் சிவப்புப் பெட்டி நாலு. வேறு எதுவும் வேண்டாம். அகலப்பாதைப் பக்கம் மின்கம்பம் நெருக்கமாக இருக்கும், மீட்டர்கேஜில் ஒன்றும் இருக்காது. இன்றைக்கு அந்தப் பாதையிலும் மின்கம்பி வந்துவிட்டது, அதனால்தான் நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தில் இந்த வெறும் வானம் முக்கியம் அண்ணா.

---

பழைய_கார்டு (ஜோலார்பேட்டை)

இரண்டு பேர் சொல்வதும் பொருந்திப்போக ஒரு வழி இருக்கிறது. பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒற்றைப் பாதையில் வேலை இல்லை என்று நினைப்பது தவறு, ஒற்றைப் பாதையில்தான் வேலையே. இரட்டைப் பாதையில் வண்டி தன்பாட்டுக்குப் போய்விடும். ஒற்றைப் பாதையில் எதிரே வரும் வண்டி வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். அடுத்த நிலையத்தோடு பேசி, கருவியிலிருந்து டோக்கன் (பாதையில் போக அனுமதி தரும் வில்லை) எடுத்து, அதைப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி ஓட்டுநர் கையில் கொடுத்த பிறகுதான் வண்டி நகரும். ஓடும் வண்டியிலிருந்து வளையத்தைப் பிடிப்பது ஒரு கைப்பழக்கம். உங்கள் அறையிலும் அதைச் செய்யலாம். காட்பாடிக்கும் கன்டோன்மென்டுக்கும் நடுவே ஒரே ஒரு பித்தளை வில்லை. அது கையில் இல்லாதவர் கன்ட்ரோலரைத் தொடக்கூடாது. இரண்டு பேர் ஓட்டிப் பாருங்கள், ஒன்பது அடிப் பாலம் எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்று.

வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று ஹாரன் தம்பி சொல்வதும் நியாயம். கன்டோன்மென்டோடு பாதை முடிவதில்லை. கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் வரை போகிறது. மறுபக்கம் பாகாலா, திருப்பதி. ஆகவே தெற்குச் சுவரில் பலகையை 60 செ.மீ. ஆக்கி, முன்னால் 40-ல் நிலையம், பின்னால் 20-ல் நாலு பாதை மறைவு யார்டு வையுங்கள். அதுதான் உங்கள் விழுப்புரம். மீட்டர்கேஜ் பாதைகளை 45 மி.மீ. இடைவெளியில் போட்டால் நாலு பாதைக்கு 18 செ.மீ. போதும். நிலையக் கட்டடமும் புங்க மர வரிசையும் அதை மறைத்துவிடும். அங்கிருந்து கிளம்புகிற வண்டி கன்டோன்மென்டில் நின்று, பாலாறு தாண்டி, காட்பாடியில் அகலப்பாதை வண்டிக்குப் பயணிகளை இறக்கும். சரக்கும் அப்படித்தான். கேஜ் மாறும் இடத்தில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மூட்டை மாற்ற வேண்டும், நடுவில் ஒரே மேடை, இரு பக்கமும் இரு கேஜ். அந்த மேடை ஒன்றைப் பழைய பலகையில் வைத்தால் ஷண்டிங் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கிடைக்கும்.

டீசல் ஷெட் வேண்டாம். அதற்கு இந்த அறை போதாது.

---

மின்பொறி_ராணிப்பேட்டை

வெயில் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

தண்டவாளம் நிக்கல் சில்வர். ஐந்து மீட்டர் நீளத்துக்கு 25 டிகிரி சூடு ஏறினால் சுமார் 2 மி.மீ. நீளும். நம் ஊரில் டிசம்பர் விடியலுக்கும் மே மாத மாடி மதியத்துக்கும் நடுவே அந்த வித்தியாசம் சர்வ சாதாரணம். 2 மி.மீ. கேட்க அற்பம். ஆனால் அது போக இடமில்லாவிட்டால் பாதை பக்கவாட்டில் நெளியும், அதுவும் வளைவில். இதைவிட மரம் ஈரத்தில் உப்பிக் காய்ந்து சுருங்குவது பெரிய தொல்லை. வழி இரண்டு. ஒன்று, பாதையை மிதமான சூட்டில் போடுங்கள். குளிர்ந்த வேளையில் போடுவதானால் இணைப்புகளில் விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். எல்லா இணைப்பையும் பற்றவைக்காதீர்கள். வளைவில் மட்டும் பற்றவைத்து, நேர்ப்பாதையில் சும்மா விடுங்கள். இரண்டு, ஒட்டுப்பலகையின் ஆறு பக்கமும், வெட்டிய விளிம்பு உட்பட, பிரைமர் அடியுங்கள். பலர் மேல் பக்கம் மட்டும் அடித்துவிட்டு அடியை மறந்துவிடுகிறார்கள், ஈரம் அங்கேதான் ஏறுகிறது.

பற்றவைக்காத இணைப்பை மின்சாரத்துக்கு நம்பக்கூடாது. நெகிழ் பாதை ஒரு துண்டு 914 மி.மீ. ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக இரண்டு ஊட்டுக் கம்பி இறக்குங்கள். கீழே முதன்மைக் கம்பி வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மி.மீ. போதும், ஊட்டுக் கம்பி 0.5. முடித்த பிறகு நாணயச் சோதனை: அறையின் கடைசி மூலையில் இரு தண்டவாளத்தையும் தொடுகிற மாதிரி ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். பாதைக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் அந்த நொடியே துண்டிக்க வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் கம்பி மெலிது, அல்லது எங்கோ இணைப்பு சரியில்லை. நிஜமாகத் தடம் புரண்டு ஷார்ட் ஆகும்போது எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் எரியும், பிளாஸ்டிக் உருகும்.

மீட்டர்கேஜுக்கு மின்பகுதியைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். பாலத்தில் ஒன்று நின்றால் காட்பாடி முழுக்க நிற்கக்கூடாது.

வளைவு பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.சி.எஃப். வகை அகலப்பாதைப் பயணிகள் பெட்டி பஃபரோடு சேர்த்து சுமார் 22.3 மீட்டர், 1:87-ல் 25.6 செ.மீ. நீளமான பெட்டியைப் போல இரண்டரை மடங்கு ஆரம் இருந்தால் ஒழுங்காக ஓடும், மூன்று மடங்கு இருந்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும் என்பது வழக்கமான கணக்கு. அதாவது 64 செ.மீ., 77 செ.மீ. நாலடிப் பலகையில் வளையம் போட்டால் 56-க்கு மேல் வராது. அகலப்பாதையையும் நீட்டுகிற எண்ணம் என்றைக்காவது வந்தால் அந்த வளையத்தை உடைத்துத்தான் ஆக வேண்டும், இப்போதே யோசித்து வையுங்கள்.

---

கன்டோன்மென்ட்_லைன் (வேலூர்)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தச்சன் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு வடக்குச் சுவரில் தரையிலிருந்து 120 செ.மீ.யில் நூல் கட்டி, அதன் கீழே பழுப்புக் காகிதத்தை ஒன்பது அடிக்கு ஒட்டிப் பார்த்தேன். நாலு பெட்டியைக் காகிதத்தில் வெட்டி நூலின் மேல் வைத்ததும் முடிவாகிவிட்டது. வடக்குச் சுவர் ஆற்றுக்குத்தான். மேலே கடக்கும் பாதை இல்லை, டீசல் ஷெட் இல்லை. கார்டு ஐயா சொன்ன மறைவு யார்டும் மூட்டை மாற்றும் மேடையும் உண்டு. 12 மி.மீ. பாதை.

பச்சைக்கொடி, மணலையும் ஜல்லியையும் பற்றி விரிவாக எழுத முடியுமா? பாலாற்று மணலையே கொஞ்சம் எடுத்துப் போட்டால் நிறம் அச்சாக வருமே என்று தோன்றுகிறது.

---

பச்சைக்கொடி (குடியாத்தம்)

எழுதுகிறேன் அண்ணா, இது எனக்குப் பிடித்த பகுதி.

நிறம் வரும், அளவு வராது. நிஜ ஜல்லி 65 மி.மீ. வரை இருக்கும். 87-ஆல் வகுத்தால் 0.75 மி.மீ. அதாவது உப்புமா ரவை. ஆற்று மணலில் பெரிய பரல் நிறைய. முதலில் மாவுச் சல்லடையில் சலித்துப் பெரியதைத் தள்ளுங்கள், பிறகு டீ வடிகட்டியில் சலித்துத் தூசியைத் தள்ளுங்கள். நடுவில் நிற்பதுதான் நமக்கு. ஆனால் ஜல்லிக்கு மணலே வேண்டாம், கிரஷர் தூள் வாங்குங்கள். நிஜ ஜல்லியும் கருங்கல், இதுவும் அதே கருங்கல், நிறத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கட்டட வேலை நடக்கிற இடத்தில் ஒரு டப்பா கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

மணலோ தூளோ, எதுவானாலும் கழுவிக் காயவைத்த பிறகு ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி அதற்குள் நன்றாகத் துழாவுங்கள். கறுப்பாகப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். இரும்புத் தாது அது. அதை எடுக்காமல் விட்டால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் இழுத்து உள்ளே சேர்த்துக்கொள்ளும், கொஞ்ச நாளில் மோட்டார் இறுகிவிடும். ஒட்டாமல் வரும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

ஜல்லி போடும் முறை: காய்ந்த தூளைத் தண்டவாளத்தின் அடியில் இருக்கும் கட்டைகளுக்கு நடுவே கொட்டி, மெல்லிய தூரிகையால் தட்டித் தட்டிச் சமப்படுத்துங்கள். கட்டையின் தலைக்கு மேல் ஒரு துணுக்குகூட இருக்கக்கூடாது. முழுத் திருப்தி வந்த பிறகுதான் ஈரம். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம் விட்டு, மேலேயிருந்து பனி போல விழும்படி தெளியுங்கள். நேராகப் பீய்ச்சினால் எல்லாம் பள்ளமாகிவிடும். தூள் ஊறி நிறம் கறுத்ததும், ஃபெவிக்காலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கட்டைகளின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பால் நிறத்தில் பரவும். பயப்படாதீர்கள், காய்ந்தால் தெரியாது. பாயிண்டின் நகரும் நாக்குப் பக்கம் மட்டும் பசை போகவே கூடாது. அங்கே ஜல்லிக்குப் பதில் சாம்பல் வர்ணம் அடித்து விட்டுவிடுங்கள்.

மீட்டர்கேஜ் பக்கம் இதே முறையில் பாதி தூள், பாதி செம்மண். கட்டைகளுக்கு வெளியே காய்ந்த புல் முளைத்திருக்கட்டும். அந்தக் காலத்தில் அங்கே மரக்கட்டை, இரும்புக் கட்டை இரண்டுமே இருந்திருக்கும், ஆகவே கறுப்பும் துருவும் கலந்து அடியுங்கள். தண்டவாளத்தின் பக்கவாட்டில் துரு நிறம், மேல்தலை மட்டும் பளபளப்பு. இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதி லேஅவுட் உயிர் பெற்றுவிடும். எத்தனையோ பேர் வீடு, மனிதன், மரம் எல்லாம் வைத்துவிட்டுத் தண்டவாளத்தின் பக்கவாட்டைப் பளபளவென்று விட்டுவிடுகிறார்கள்.

இனி ஆறு. படுகைத் தட்டின் மேல் தெர்மாகோலைச் சமமாக ஒட்டாமல், ஒன்றிரண்டு செ.மீ. ஏற்ற இறக்கத்தோடு செதுக்குங்கள். வெள்ளம் போன போக்கில் நீளநீளமாக மேடும் பள்ளமும் இருக்கும், பாலத்துக்குக் குறுக்காக. மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மெல்லிசாக ஒரு பூச்சு. அதற்கு மணல் நிற வர்ணம், ஈரமாக இருக்கும்போதே டீ வடிகட்டியின் கீழே விழுந்த அந்த மாவு மணலைத் தூவுங்கள். பெரிய பரலை மட்டும் வண்டித்தடத்தின் ஓரத்திலும் தூண் அடியிலும் சேர்க்கலாம். தூணின் மேல்நீர்ப் பக்கத்தில் சருகும் முள்ளும் சிக்கியிருக்கும், கீழ்நீர்ப் பக்கத்தில் மணல் வால் போல நீண்டு குவிந்திருக்கும். எந்தப் பக்கம் கிழக்கு என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பாலாறு கிழக்கே கடலுக்குப் போகிறது, மணல் வால் எல்லாத் தூணிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும்.

வேலிக்காத்தானுக்குக் காய்ந்த துளசிப் பூந்தண்டு. பூ உதிர்ந்த பிறகு மெல்லிய கிளையும் கணுவுமாக இருக்கும், இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டி, பசை தொட்டு, பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளில் புரட்டுங்கள். தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கினால் காய்ந்த புல். பனை மரத்துக்கு மூங்கில் குச்சி, விசிறி மடிப்பாக வெட்டிய காகித ஓலை. அடியில் பழைய மட்டை இரண்டு தொங்க வேண்டும்.

பின்னணி மலை வெளிறிய நிறத்தில் இருக்கட்டும், சாம்பலும் இளம் பழுப்பும். பச்சை வேண்டாம். அடிவானக் கோடு பார்ப்பவர் கண் மட்டத்தில். மூலையில் பலகையை மடக்காமல் 4 மி.மீ. சன்போர்டு நுரை அட்டையை வளைத்து ஒட்டினால் நிழல் விழாது.

---

மின்பொறி_ராணிப்பேட்டை

காந்தம் பற்றி எழுதியதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். பழுதுபார்க்க என்னிடம் வரும் எஞ்சின்களில் அந்தக் கறுப்புப் பொடியைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

---

பழைய_கார்டு (ஜோலார்பேட்டை)

நன்றாக எழுதியிருக்கிறாய் அம்மா.

நிலையத்துக்கு என் பங்கு. மேடையை உயரமாக வைக்காதீர்கள். அகலப்பாதையின் உயர்ந்த மேடை தண்டவாளத்திலிருந்து 84 செ.மீ., உங்கள் அளவில் ஒரு செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. மீட்டர்கேஜ் நிலையத்தில் அந்த உயரம் வராது, 3 மி.மீ. போதும். பெட்டிக்குப் படியேறிப் போக வேண்டும், ஒரு பாட்டியைக் கைகொடுத்து ஏற்றிவிடுகிற ஆள் ஒருவரை வையுங்கள். பெயர்ப்பலகை மஞ்சள், எழுத்து கறுப்பு, மேலே தமிழ், பிறகு இந்தி, பிறகு ஆங்கிலம். சிக்னல் கை கீழே சாயும் வகை. சிவப்புக் கையில் வெள்ளைப் பட்டை ஓட்டுநர் பார்க்கும் பக்கம் மட்டும். தூர சிக்னலின் கை மீன் வால் போல வெட்டியிருக்கும். பெட்டிகள் அரக்குச் சிவப்பு. நீலம் அப்புறம் வந்தது, கலந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து சேர்ந்தது நம் வாலாஜா ரோட்டுக்கு. அதையும் காட்பாடிப் பலகையின் கிழக்கு முனையில் ஒரு சிறு பெயர்ப்பலகையாகவாவது வையுங்கள். வட ஆற்காட்டுக்காரனுக்கு அந்த உரிமை உண்டு.

---

தூரத்து_ஹாரன் (அரக்கோணம்)

டோக்கன் வில்லையும் மூட்டை மேடையும் இருந்தால் ஓட்ட வேலை இருக்கும், சரி. ஆனால் கன்டோன்மென்டில் ஒரு கிராஸிங் லூப்பும் ஒரு சைடிங்கும் கண்டிப்பாக வேண்டும். லூப்பின் பயனுள்ள நீளம் நாலு பெட்டியும் ஒரு எஞ்சினும் நிற்கும்படி 1.2 மீட்டர். அதற்குக் கீழே போனால் எதிர்வண்டியைக் கடத்தவே முடியாது. பாயிண்டின் நீளத்தை இதில் சேர்க்காதீர்கள், பலரும் சேர்த்துவிட்டுத்தான் பிறகு தவிக்கிறார்கள்.

---

கன்டோன்மென்ட்_லைன் (வேலூர்)

லூப் 1.25 மீட்டர் வருகிறது ஹாரன், அளந்துவிட்டேன். வாலாஜா ரோடு பலகையும் உண்டு ஐயா. சட்டத்துக்கு மரம் வந்து இறங்கிவிட்டது. இனி வாசல் மட்டும் பாக்கி. ஆறு அங்கிருந்து போய்விட்டதால் வாசலுக்குக் குறுக்கே வெறும் மண்கரை மாதிரி ஒரு தூக்கும் பகுதி. 12 மி.மீ. பலகை தாங்குமா தச்சன் அண்ணா? கீல் வைப்பதா, முழுசாகத் தூக்கி எடுப்பதா?

---

சோளிங்கர்_தச்சன்

முழுசாகத் தூக்கி எடுப்பதே மேல். கீல் நாளடைவில் தளரும், தண்டவாளம் அரை மி.மீ. விலகினாலும் சக்கரம் இறங்கிவிடும். பலகை 18 மி.மீ. எடுங்கள், இரு ஓரத்திலும் நெடுக 5 செ.மீ. அகலச் சட்டத்தைக் குத்துவாட்டில் திருகுங்கள், தொய்யாது. இரு முனையிலும் ஜன்னலுக்குப் போடும் பித்தளைத் தாழ்ப்பாள் இரண்டிரண்டு. அதுதான் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார வைக்கும். பாதையை முதலில் வாசல் மேல் தொடர்ச்சியாகப் போட்டு, பலகையின் விளிம்புக்கு வரும் தண்டவாளத்தைப் பித்தளைத் திருகாணியில் பற்றவைத்து இறுக்கிய பிறகுதான் மெல்லிய ரம்பத்தால் தண்டவாளத்தை அறுக்க வேண்டும். முன்பே அறுத்துப் பொருத்தப் பார்த்தால் சேரவே சேராது. மழைக்காலத்தில் பலகை உப்பினால் இடம் வேண்டும், இரு பக்கமும் 1 மி.மீ. விடுங்கள்.

மின்பொறி தம்பியிடம் ஒரு சின்ன சுவிட்ச் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பலகையைத் தூக்கியதும் வாசலின் இரு பக்கமும் ஒரு மீட்டர் பாதைக்கு மின்சாரம் நின்றுவிட வேண்டும். 120 செ.மீ. உயரத்திலிருந்து ஒய்.டி.எம்.4 தரையில் விழுந்தால் மறுபடி பிரிண்ட் எடுக்க வேண்டியதுதான்.

---

மின்பொறி_ராணிப்பேட்டை

லிமிட் சுவிட்ச் இரண்டு என்னிடமே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வேலூர் வரும்போது கொண்டுவந்து மாட்டித் தருகிறேன். அதற்குள் வாசல் பக்கத்து இரண்டு துண்டுகளுக்கும் ஊட்டுக் கம்பியை முதன்மைக் கம்பியில் சேர்க்காமல் தனியாகத் தொங்கவிட்டு வையுங்கள்.